அறக்கோட்டமும் சிறைக்கோட்டமும்: நீலகிரி லாரன்ஸ் புகலிட வரலாறு பற்றிய ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

மணிமேகலைக் காப்பியத்தின் பத்தொன்பதாம் காதை 'சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை' என்னும் பெயருடையது. அமுதசுரபியைக் கையிலேந்திச் சிறைப்பட்டோரின் பசிப்பிணி தீர்த்த மணிமேகலையைச் சோழ மன்னன் அழைத்து வேண்டுவது யாதென வினவ, அவள் தனக்கென ஒன்றும் வேண்டாது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு வேண்டினாள். மன்னனும் அதற்கு இசைந்தான் என்பது அக்காதையின் பொருள். சிறையையும் அறச்சாலையையும் அருகருகே வைத்து நோக்கிய நம் முன்னோர், ஒன்று மற்றொன்றாதல் கூடும் என்று கருதினர்.

நீலகிரி மலையில் உதகமண்டலத்திற்குச் சில கல் தொலைவில் லவ்டேல் என்னும் இடத்திலே நிற்கும் பெருங்கட்டடம் ஒன்றன் வரலாறு, இக்காதையை நமக்கு நினைவூட்டுகின்றது. அது விக்டோரியா அரசியின் காலத்தில், ஐரோப்பியப் படைவீரர்தம் ஆதரவற்ற பிள்ளைகளுக்கென எழுப்பப்பட்ட லாரன்ஸ் புகலிடம் ஆகும். இன்று அது புகழ்பெற்ற பள்ளியாய் விளங்குகின்றது. அதனை நிறுவியோர் பெயரும், அமைப்பை வகுத்த கட்டடக் கலைஞர் பெயரும் எளிதிற் கிடைக்கின்றன. ஆயின் அதன் கற்களைச் சுமந்தவர் யாவர் என்று வினவுவோமாயின், விடை பிறிதோர் இடத்திற்கு நம்மை அழைத்துச் செல்கின்றது. அறக்கோட்டம் ஒன்று எழுவதற்கு அதன் அருகிலேயே சிறைக்கோட்டம் ஒன்று வேண்டப்பட்டது என்பதே அவ்விடை. கிடைக்கும் சான்றுகளைக் கொண்டு அதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. உழைப்பு விடுதி என்னும் கருத்து

லவ்டேல் கட்டடத்தின் இயல்பை உணர்தற்கு, அக்காலத்து இங்கிலாந்தில் வறியோர் பற்றி நிலவிய கருத்தை முதற்கண் அறிதல் வேண்டும். 1834-ஆம் ஆண்டில் அந்நாட்டில் புதிய வறியோர் சட்டம் இயற்றப்பட்டது. உடல்வலி உள்ள வறியவர் உதவி வேண்டின் 'ஒர்க்ஹவுஸ்' எனப்பட்ட விடுதிக்குள் புகுந்தே பெறுதல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் அடிப்படை நோக்கம். அவ்விடுதியை ஈண்டு 'உழைப்பு விடுதி' எனக் குறிப்போம். வெளியே உழைத்து வாழும் கடைநிலைத் தொழிலாளியின் வாழ்க்கையினும் விடுதி வாழ்க்கை தாழ்ந்ததாகவே இருத்தல் வேண்டும் என்பது அதன் கொள்கை. உள்ளே புகுந்த கணவனும் மனைவியும் மக்களும் தனித்தனியே பிரிக்கப்பட்டனர். கல்லுடைத்தல், பழங்கயிறு பிரித்தல், எலும்பு நொறுக்குதல் முதலிய வேலைகள் அவர்களுக்கு இடப்பட்டன. வறுமை ஒருவகைக் குற்றமாகவும், உழைப்பு அதற்குரிய தண்டமாகவும் கருதப்பட்டமை இதனாற் போதரும்.

நம் நாட்டில் வழங்கிய அறமுறை இதனின் வேறானது. சத்திரத்தில் உண்போனிடம், 'நீ உழைத்தாயா?' என்று எவரும் வினவுவதில்லை. 1782-ஆம் ஆண்டு, போராலும் பஞ்சத்தாலும் நலிந்து சென்னை நகர்க்கு வந்தோர்க்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரம் இதற்குச் சான்று. 'கஞ்சித்தொட்டி' என மக்கள் அழைத்த அவ்விடமே பிற்காலத்தில் மருத்துவமனையாக வளர்ந்து, இன்றைய ஸ்டான்லி மருத்துவமனைக்கு முதலாயிற்று. பசி என்பது ஒன்றே அங்கு உணவு பெறுதற்குரிய தகுதியாக இருந்தது.

ஆங்கிலேயர் ஆட்சி வேரூன்றிய பின்னர் உழைப்பு விடுதிக் கருத்து இந்நாட்டிலும் புகுந்தது. 1869-ஆம் ஆண்டிலும் 1874-ஆம் ஆண்டிலும் ஐரோப்பிய நாடோடிகள் பற்றிய சட்டங்கள் இயற்றப்பட்டன. வேலையின்றித் திரியும் ஐரோப்பியரைப் பிடித்து அரசாங்க உழைப்பு விடுதிகளில் வைக்கவும், வேண்டின் இந்நாட்டை விட்டு அனுப்பவும் அவை வழிசெய்தன. 1876 முதல் 1878 வரை நேர்ந்த பெரும்பஞ்சத்தின்போது, நிவாரண வேலை செய்தோர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிதளவு காசுமே போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் வகுத்தார். அஃது உயிர் தாங்கப் போதாது எனச் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் மறுத்துரைத்தார். இவையெல்லாம் ஒரே கருத்தின் கிளைகள். உதவி பெறுவோன் அதற்கு ஈடாகத் தன் உழைப்பைத் தருதல் வேண்டும் என்பதும், அவனைத் தனியே ஓரிடத்தில் ஒதுக்கி வைத்தல் நலம் என்பதுமே அக்கருத்தாகும்.

லாரன்ஸ் புகலிடத்தை உழைப்பு விடுதி என்றே கூறிவிடுதல் பொருந்தாது. அஃது அன்பு நோக்கத்தோடு எழுந்தது. அங்கிருந்த பிள்ளைகள் குற்றவாளிகளாகக் கருதப்பட்டிலர். ஆயினும் ஒதுக்கி வைத்தல், தொழிற்பயிற்சியால் திருத்தல் என்னும் இரண்டு இயல்புகளும் அதன்கண்ணும் காணப்படுகின்றன. ஆதலின் அக்கட்டடத்தை இக்கருத்து வரலாற்றின் ஒரு பகுதியாகவே நாம் நோக்குகின்றோம்.

3. புகலிடத்தின் தோற்றம்

கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ஆம் ஆண்டில் நீலகிரி மலைமேல் ஏறினார். பின்னர் உதகமண்டலத்தில் கல் வீடு ஒன்றை எழுப்பினார். தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் ஆகியோர் வாழ்ந்த மலையில், சில ஆண்டுகளுக்குள் வெள்ளையர்தம் உடல்நல உறைவிடங்கள் பல எழுந்தன. சமவெளியின் வெப்பம் ஐரோப்பியர் உடலையும் ஒழுக்கத்தையும் ஒருங்கே கெடுக்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. இந்நம்பிக்கையே லாரன்ஸ் புகலிடத்திற்கு வித்தாயிற்று.

சர் என்றி லாரன்ஸ் என்பார் பஞ்சாபிலும் பின்னர் அயோத்தியிலும் உயர்பதவி வகித்தவர். படை முகாம்களில் பிறந்து, தந்தை போரிலோ நோயிலோ மடிந்தபின் திக்கற்று நின்ற சிறுவர் சிறுமியரின் நிலை கண்டு அவர் இரங்கினார். வெப்பநாட்டின் தாக்குதலினின்றும் படை முகாமின் தீய சூழலினின்றும் அவர்களை அகற்றி, குளிர்மலையில் வைத்து, அவர்தம் வாழ்க்கை நிலைக்கேற்ற எளிய கல்வியும் தொழிற்பயிற்சியும் அளித்தல் வேண்டும் என்பது அவர் எண்ணம். இமயச் சாரலில் சனாவர் என்னுமிடத்தில் 1847-ஆம் ஆண்டு முதற் புகலிடம் தோன்றியது. 1856-இல் அபு மலையில் மற்றொன்று எழுந்தது. நீலகிரியிலும் அத்தகையதொன்று அமைதல் வேண்டும் என அவர் விரும்பினார். ஆயின் 1857-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 4-ஆம் நாள், இலக்குமணபுரி முற்றுகையில் அவர் உயிர் நீத்தார். அவர் நினைவைப் போற்றத் திரட்டப்பட்ட பொருளின் துணைகொண்டு, 1858-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 6-ஆம் நாள் உதகமண்டலத்தில் புகலிடம் தொடங்கப்பெற்றது.

சனாவர்ப் புகலிடத்தின் விதிகளுள் ஒன்று ஈண்டுக் கருதற்பாலது. தாய் தந்தையர் இருவரும் ஐரோப்பியராக உள்ள பிள்ளைகட்கு, கலப்புக் குருதியுடைய பிள்ளைகளினும் முன்னுரிமை தரப்பட்டது. வெப்பத்தால் மிகுதியும் வாடுவோர் அவரே என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். இவ்விதியைப் பின்னரும் நினைவுகூர்வோம்.

நீலகிரிப் புகலிடத்திற்குத் தமிழகத்தின் சமவெளியில் மூத்த உடன்பிறப்பு ஒன்று இருந்தது. சென்னை எழும்பூரில் 1789-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட படைவீரர் ஆண்மக்கள் புகலிடமே அது. அதன் கண்காணிப்பாளராக இருந்தவர் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார். நம் நாட்டுத் திண்ணைப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் எழுதிப் பயில்வதையும், மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிப்பதையும் அவர் கவனித்தார். அம்முறையைத் தம் புகலிடத்திற் கையாண்டு, தாயகம் திரும்பியபின் 1797-இல் அது குறித்து நூல் வெளியிட்டார். அது 'சென்னை முறை' என்னும் பெயரால் இங்கிலாந்தின் வறியோர் பள்ளிகளிற் பரவிற்று. அவர் கண்ட சிறுவரை 'மலபார்' மக்கள் என ஆங்கில நூல்கள் குறிக்கும். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் தமிழ் மொழியையும் அப்பெயராலேயே வழங்கினர் என்பது மொழி வரலாறு கற்றோர் அறிந்ததே. ஆகவே ஆங்கில நாட்டு வறிய சிறுவர் பெற்ற கல்வியில் நம் திண்ணைப் பள்ளியின் பங்கும் உண்டு. அத்திண்ணை ஆசிரியரின் பெயரோ எங்கும் எழுதப்படவில்லை.

இச்சென்னைப் புகலிடம் 1871-ஆம் ஆண்டில் லாரன்ஸ் புகலிடத்தோடு இணைக்கப்பட்டது. 1787-இல் தோன்றிய பெண்மக்கள் புகலிடமும் 1904-ஆம் ஆண்டில் அதனோடு சேர்ந்தது. இந்தியா விடுதலை பெற்றபின், 1949-ஆம் ஆண்டில் நிறுவனம் பாதுகாப்பு அமைச்சகத்தினின்றும் கல்வி அமைச்சகத்திற்கு மாற்றப்பட்டது. அதன் பின்னர் இந்தியப் பிள்ளைகள் பயிலும் உறைவிடப் பள்ளியாக அது வளர்ந்தது. ஒரு நூற்றாண்டுக் காலத்தில் அதன் நோக்கமும் அங்கு வாழ்வோரும் முற்றிலும் மாறினமை காண்க.

4. கட்டடமும் கட்டியோரும்

லவ்டேல் கட்டடத்தின் அமைப்பை வகுத்தவர் இராபர்ட் பெல்லோசு சிஷோம். சென்னைக் கடற்கரையில் மாநிலக் கல்லூரியையும் பல்கலைக்கழகச் செனட் மண்டபத்தையும் வகுத்த பெருங்கலைஞர் அவரே. உதகை நகரிலுள்ள நீலகிரி நூலகமும் அவர் வகுத்ததாகும். செனட் மண்டபத்தில் இந்திய, சாரசானியக் கூறுகளை இழைத்துக் கட்டிய அவர், லவ்டேலில் இத்தாலிய நாட்டுக் கோதிக்கு முறையைக் கைக்கொண்டார். கூர்முனை வளைவுகளும் நெடிய தாழ்வாரங்களும் உயர்ந்த மணிக்கோபுரமும் அதன் சிறப்புகள். குன்னூரினின்றும் உதகைக்கு 1908-ஆம் ஆண்டில் நீட்டப்பட்ட மலை இருப்புப்பாதையில், கேத்திக்கு அப்பால் அமைந்துள்ள நிலையம் லவ்டேல். அங்கு வருவோர் அக்கோபுரத்தின் எழிலை வியவாது செல்வதரிது.

இக்கட்டடம் எழுந்த வரலாற்றை 1908-ஆம் ஆண்டில் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்தளித்த நீலகிரி மாவட்ட விவரச்சுவடி கூறுகின்றது. அரசாங்க ஆவணங்களைக் கொண்டு எழுதப்பட்ட அந்நூல், கட்டட வேலையின் பெரும்பகுதியைச் சீனக் கைதிகளே செய்தனர் என்று தெளிவாக உரைக்கின்றது. மலேயாக் கடற்கரையிலிருந்த நீரிணைக் குடியேற்றங்களில் போதிய சிறையிடம் இல்லாமையால், அவர்கள் சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டனர். அங்கிருந்து மலைக்குக் கொண்டுவரப்பட்டு, லவ்டேலில் தற்காலிகமாக எழுப்பப்பட்ட கொட்டகைகளில் அடைக்கப்பட்டனர்.

அக்கொட்டகைகளினின்றும் அவர்கள் தப்பியோடிய நிகழ்ச்சிகள் இரண்டை அந்நூல் குறிக்கின்றது. 1867-ஆம் ஆண்டில் எழுவர் தப்பினர். தாசில்தார், படகர்களை நாற்றிசையும் தேடவிட்டுச் சில நாட்களுக்குப்பின் அவர்களைப் பிடித்தார். அடுத்த ஆண்டு சூலைத் திங்கள் 28-ஆம் நாள், புயலும் மழையும் மிக்க இரவில் பன்னிருவர் தப்பினர். நீலகிரியின் தென்மேற்குப் பருவ மழையை அறிந்தோர் அவ்விரவின் கொடுமையை எளிதில் உணர்வர். படைக்கலம் தாங்கிய காவலர் குழுக்கள் மலையெங்கும் தேடின. இரண்டு வாரங்கட்குப் பின் மலபார்ப் பகுதியில் அப்பன்னிருவரும் பிடிபட்டனர். அவர்களிடம் காவலர்தம் படைக்கலங்கள் சில இருந்தன. தேடச் சென்ற காவலர் குழுவொன்றோ திரும்பவில்லை. செப்டம்பர் 15-ஆம் நாள், சிஸ்பாரா மலைப்பாதையின் நடுவழியிலுள்ள காட்டில் காவலர் நால்வரின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. தலைகள் துணிக்கப்பட்டு, மீண்டும் உடல்களோடு பொருத்தி வைக்கப்பட்டு, அவை ஒழுங்காக வரிசையிற் கிடந்தன.

இக்கொடுஞ்செயலை நாம் மறைக்கவோ நியாயப்படுத்தவோ வேண்டுவதில்லை. உயிரிழந்த காவலர் நால்வரும் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து மழையிற் சென்றவர்களே. ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. விவரச்சுவடியில் அச்சீனர்கள் பற்றிக் கிடைக்கும் செய்தி பெரும்பாலும் அவர்கள் தப்பியோடியமையாலேயே இடம்பெற்றது. தப்பாது வேலை செய்தவர்கள், 'பெரும்பகுதி வேலையைச் செய்தோர்' என்னும் ஒரு தொடருள் அடங்கிவிட்டனர். கல்லைப் பிளந்தவர் யார், சுவரை எழுப்பியவர் யார், குளிரில் நோயுற்று மடிந்தவர் யார் என்று எழுதிவைக்க வேண்டும் என எவர்க்கும் தோன்றவில்லை. குற்றம் செய்தபோது மட்டுமே வரலாற்றின் கண்ணிற் படுதல், ஒடுக்கப்பட்டோர் பலர்க்கும் பொதுவான நிலையாகும்.

அப்பிள்ளைகளுக்குப் பாடமாகக் கற்பிக்கப்பட்டது உழைப்பின் உயர்வு. கைத்தொழில் கற்றோன் ஒழுக்கமுள்ளவன் ஆவான் என்பது அங்கு வழங்கிய நம்பிக்கை. அதே குன்றில், அதே ஆண்டுகளில், உழைப்பு என்பது கைதிக்கு விதிக்கப்பட்ட தண்டமாக இருந்தது. ஒரு சொல்லின் இருவேறு பொருள்கள் ஒரே சுவரின் இருபுறமும் நின்றன எனலாம்.

5. அக்கைதிகள் யாவர்?

நீலகிரியில் வழங்கும் செவிவழிச் செய்தி ஒன்று உண்டு. சீனநாட்டோடு ஆங்கிலேயர் நடத்திய அபினிப் போர்களிற் பிடிபட்ட போர்வீரர்களே இங்குக் கொண்டுவரப்பட்டனர் என்பது அது. தைசோலைத் தேயிலைத் தோட்டப் பகுதியில் 'ஜெயில் தோட்டம்' என வழங்கும் இடப்பெயரையும் இச்செய்தியோடு இணைத்துக் கூறுவர். இக்கூற்றை ஆராய்தல் வேண்டும்.

முதல் அபினிப் போர் 1839 முதல் 1842 வரை நடைபெற்றது. இரண்டாவது 1856-இல் தொடங்கி 1860-இல் முடிவுற்றது. லவ்டேலில் கைதிகள் வேலை செய்தமை 1867, 1868 ஆகிய ஆண்டுகளுக்குரிய நிகழ்ச்சிகளால் உறுதிப்படுகின்றது. முதற்போரிற் பிடிபட்டோர் கால் நூற்றாண்டு கழித்தும் கைதிகளாக மலையில் உழைத்தனர் எனக் கொள்ளுதல் இயலாது. இரண்டாம் போரும் முடிந்து ஏழாண்டுகள் சென்றிருந்தன. மேலும் விவரச்சுவடி, அவர்கள் வந்த இடத்தையும் அனுப்பப்பட்ட காரணத்தையும் ஒருங்கே கூறுகின்றது. போர் பற்றிய குறிப்பை அது தரவில்லை. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்கள் 1867-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள்வரை இந்திய அரசாங்கத்தின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தன. அதன் பின்னரே அவை இலண்டனிலிருந்த குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் நேர் ஆட்சிக்கு மாறின. ஆகவே சிங்கப்பூரினின்றும் சென்னைக்குக் கைதிகளை மாற்றுதல், அக்காலத்தில் ஒரே ஆட்சிக்குள் ஓரிடத்தினின்றும் மற்றோரிடத்திற்கு மாற்றுவதேயாகும். இவற்றை நோக்க, லவ்டேலில் உழைத்தவர்கள் போர்க்கைதிகள் அல்லர் என்பதும், நீரிணைக் குடியேற்றங்களின் நீதிமன்றங்களால் தண்டிக்கப்பட்டோர் என்பதுமே பொருத்தமுடைய முடிபுகளாம். செவிவழிச் செய்தியைப் பொய் என்று ஒதுக்குதல் வேண்டா. அயல்நாட்டார் சிலர் தம் விருப்பமின்றி இம்மலைக்குக் கொண்டுவரப்பட்டனர் என்னும் உண்மையை அது காத்து வைத்துள்ளது. காரணத்தை மட்டும் மாற்றிக் கூறுகின்றது.

இக்கைதிப் போக்குவரத்து ஒருவழிப் பாதையன்று என்பது தமிழராகிய நாம் குறிப்பாகக் கருதவேண்டியது. 1825-ஆம் ஆண்டு முதல் இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டனர். பெங்கூலன் வழியாக அங்குச் சென்ற முதற் கூட்டத்தார் சென்னை மாகாணத்தினின்றும் நாடுகடத்தப்பட்டோர். சிங்கப்பூரின் சாலைகளையும் பாலங்களையும் அமைத்தவர்களுள் அவர்கள் முதன்மையானவர்கள். 1862-ஆம் ஆண்டில் திருநிலைப்படுத்தப்பட்ட புனித ஆந்திரேயர் பேராலயம் இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்தது. அதன் உட்சுவர்களுக்குப் பூசப்பட்டது 'சென்னைச் சுண்ணாம்பு'. கிளிஞ்சற் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் வெல்லமும் சேர்த்தரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்துப் பூசி, மெருகேற்றும் நம் நாட்டுக் கொத்தர் முறையே அது. 1867 முதல் 1869 வரை அங்குக் கட்டப்பட்ட ஆளுநர் மாளிகையும் கைதிகளின் கைவேலையே. இன்று சிங்கப்பூர்க் குடியரசுத் தலைவரின் மாளிகையாக அது விளங்குகின்றது.

இவ்வாண்டுகளை ஒப்புநோக்குக. இந்திய நாட்டுக் கைதிகள் சிங்கப்பூரில் ஆளுநர்க்கு மாளிகை எழுப்பிக்கொண்டிருந்த அதே காலத்தில், சிங்கப்பூர்ப் பகுதியினின்றும் வந்த சீனக் கைதிகள் நீலகிரியில் ஆங்கிலேயர்தம் அனாதைப் பிள்ளைகட்குப் புகலிடம் எழுப்பிக்கொண்டிருந்தனர். கைதியைத் தன் மண்ணினின்றும் பெயர்த்து, மொழி அறியாத இடத்தில் வைத்தால் அவன் தப்புதல் அரிது, தப்பினும் ஒளிய இடமில்லை, கூலியும் வேண்டா. இக்கணக்கு இருபுறமும் ஒன்றாகவே இருந்தது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. சிங்கப்பூரில் கைதிகளின் பொறுப்பாளராக இருந்த மக்நேர் என்பார், அவர்தம் உழைப்பையும் வாழ்க்கையையும் விரிவாக எழுதி 1899-இல் நூலாக வெளியிட்டார். நீலகிரிச் சீனர்க்கு அத்தகைய நூலாசிரியர் ஒருவரும் வாய்த்திலர்.

6. நடுவட்டமும் அதன் மக்களும்

லவ்டேலில் இருந்த தற்காலிகக் கொட்டகைகள் இன்றில்லை. ஆயின் நீலகிரியின் மேற்குச் சரிவில், கூடலூர் செல்லும் வழியிலுள்ள நடுவட்டத்தில் அக்காலத்துச் சிறைக்கட்டடம் ஒன்று எஞ்சி நிற்கின்றது. அதன் வரலாறு சிங்கோனா மரத்தோடு தொடர்புடையது. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகும் குயினைன் அம்மரத்தின் பட்டையினின்றும் எடுக்கப்படுவது. கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து 1860-ஆம் ஆண்டில் சிங்கோனாவை இந்தியாவிற்குக் கொணர்ந்தார். உதகை அரசினர் தோட்டக் கண்காணிப்பாளர் வில்லியம் கிரகாம் மெக்கைவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அதனைப் பயிராக்கினார். அத்தோட்டங்களிலும் கைதிகள் உழைத்தனர். கோடிக்கணக்கான மக்களின் காய்ச்சலைத் தணித்த மருந்தின் பின்னணியில் அவர்தம் கைகளும் இருந்தன என்பது மறக்கற்பாலதன்று.

தண்டனைக் காலம் முடிந்தபின் அச்சீனருட் சிலர் தாயகம் திரும்பவில்லை. இம்மலையே அவர்க்குத் தாயகமாயிற்று. சென்னை அருங்காட்சியகத் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், நடுவட்டத்திற்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட சரிவில் வாழ்ந்த சிறியதொரு சீனக் குடியிருப்பைக் கண்டார். 1909-ஆம் ஆண்டில் வெளிவந்த 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்னும் தொகுதிகளில் அதனை விவரித்தார். அவர்கள் ஒடுக்கப்பட்ட குலத்துத் தமிழ்ப் பெண்டிரை மணந்து, காய்கறி பயிரிட்டும் சிறிதளவு காப்பி விளைத்தும் பசு வளர்த்தும் நேர்மையாக வாழ்ந்தனர் என்று அவர் எழுதுகின்றார். கிறித்தவ சமயம் தழுவியபோது தம் நெடும்பின்னலைக் களைய நேர்ந்தமை ஒன்றே, அக்குடும்பத் தலைவர் ஒருவர் தர்ஸ்டனிடம் கூறிய குறையாகும். இச்சிறு செய்தி நம் நெஞ்சைத் தொடுகின்றது. நாட்டையும் உறவையும் இழந்த ஒருவர், இழந்தவற்றுள் வாய்விட்டுக் கூறியது தம் பின்னலை மட்டுமே!

தர்ஸ்டன் மாந்தவியல் ஆய்வாளர். ஆதலின் அவர் அக்குடும்பத்தாரின் நிறத்தையும் முக அமைப்பையும் அளந்து குறித்தார். தந்தையின் கூறு எது, தாயின் கூறு எது என்று பிள்ளைகளிடம் தேடினார். அப்பிள்ளைகள் எம்மொழியிற் பேசினர், தாய் அவர்க்கு எப்பாட்டுப் பாடினாள், தந்தை தம் ஊரைப்பற்றி என்ன கூறினார் என்பன போன்ற வினாக்கள் அவர் ஆய்வில் எழவில்லை. தமிழ்த் துறையினராகிய நமக்கு அவ்வினாக்களே முதன்மையானவை.

சனாவர் விதியை மீண்டும் நினைவுகூர்வோம். குருதி கலவாத பிள்ளைகட்கு முன்னுரிமை அளித்தது அங்குக் கண்ட அறம். நடுவட்டச் சரிவிலோ, எவர் ஆணையும் இன்றி, நாடிழந்த ஆடவரும் ஊரார் ஒதுக்கிய பெண்டிரும் கூடிப் புதியதோர் இல்லறத்தை அமைத்தனர். அங்குப் பிறந்த பிள்ளைகட்குப் புகலிடம் கட்ட எவரும் பொருள் திரட்டவில்லை. அவர்தம் பெற்றோரின் உழைப்பே அவர்க்குப் புகலிடமாயிற்று.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் முடிபுகள் பெறப்படும். லவ்டேல் லாரன்ஸ் புகலிடம், வறியோரை ஒதுக்கி வைத்து உழைப்பாற் திருத்தல் என்னும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கருத்தின் மென்மையான வடிவம். அதன் கட்டடத்தைப் பெரும்பாலும் எழுப்பியவர்கள் நீரிணைக் குடியேற்றங்களினின்றும் வந்த சீனக் கைதிகள். அபினிப் போர்க் கைதிகள் என்னும் கூற்றிற்குக் காலக்கணக்கு இடந்தரவில்லை. இவர்கள் இங்கு வந்தமையும், தமிழகக் கைதிகள் சிங்கப்பூர் சென்றமையும் ஒரே ஆட்சி முறையின் இரு பக்கங்கள். அவருட் சிலர் தமிழ்க் குடும்பங்களோடு கலந்து இம்மலையின் மக்களாயினர்.

இவ்வரலாற்றைக் கூறுவதால் லாரன்ஸின் இரக்கத்திற்கோ சிஷோமின் கலைத்திறனுக்கோ, இன்று அங்குப் பயிலும் மாணவர்தம் பெருமைக்கோ குறைவு நேர்வதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் தான் கொடுத்தனவற்றோடு பிறர் கொடுத்தனவற்றையும் கல்லில் வெட்டுவித்தான். பணிபுரிந்த ஆடல் மகளிரின் பெயர்களும் அங்குப் பொறிக்கப்பட்டுள்ளன. பணி செய்தோர் பெயரைக் கல்லில் எழுதும் வழக்கம் நமக்குப் புதிதன்று. லவ்டேல் பற்றி இனி எழுதப்படும் வரலாறுகளில், நிறுவியோர்க்கும் வகுத்தோர்க்கும் அடுத்து, கட்டியோர்க்கும் ஒரு வரியேனும் இடம் தருதல் வேண்டும். அவர்தம் பெயர்கள் சிறைப் பதிவேடுகளிற் கிடைக்குமாயின் அவற்றைத் தேடி வெளியிடுதல் ஆய்வாளர் கடமையாகும். நடுவட்டம், கூடலூர்ப் பகுதிகளில் முதியோர் நினைவில் எஞ்சியுள்ள செய்திகளை, அவர்தம் இசைவோடும் மதிப்போடும் தொகுத்தலும் இன்றியமையாதது.

மணிமேகலை வேண்டியபோது, சிறையின் கதவு திறந்தது. உள்ளிருந்தோர் வெளிவந்தபின்னரே அஃது அறக்கோட்டமாயிற்று. லவ்டேலில் சிறைக்கொட்டகை மறைந்து ஒரு நூற்றாண்டிற்கு மேலாயிற்று. அங்கிருந்தோர் நம் வரலாற்று ஏட்டில் இன்னும் பெயரின்றியே அடைபட்டுள்ளனர். அக்கதவைத் திறத்தல் அறிஞர்தம் பணியாகுக.